நாற்பத்தொரு கல்யாணமும் ஒரு பெட்டியும்

1

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அப்படித்தானோ என்னவோ, படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை காலை. வீட்டு இணைய இணைப்பின் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். பிறகு ஒரு மலாய்ப் பெண் வந்தாள். குரல் தேனாக இருந்தது. இணைப்பு யார் பெயரில் என்று கேட்டாள். என் கணவர் மணியம் பெயரில் என்றேன். அப்படியென்றால் அவரே பேசி, பெயரும் அடையாள அட்டை எண்ணும் சொல்ல வேண்டும் என்றாள்.

அவரால் பேச முடியாது என்றேன். எப்போது பேச முடியும், அந்த நேரத்தில் நாங்களே கூப்பிடுகிறோம் என்றாள்.

எப்போது பேச முடியும் என்று எனக்குத் தெரிந்தால் நான் ஏன் அம்மா இணையத்தின் வேகத்தைக் கூட்டப் போகிறேன்? இதை மலாயில் சொல்ல எனக்கு வரவில்லை. கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. மீன் வாங்க, டாக்சி கூப்பிட, மன்னிப்புக் கேட்க மலாய் வரும். கோபப்பட மட்டும் வராது. "அவருக்கு ஸ்ட்ரோக், வாய் வராது" என்று உடைத்து உடைத்துச் சொன்னேன். வருத்தமாக இருக்கிறது என்றாள். மறுபடியும் அதே வாக்கியத்தைச் சொன்னாள்: "துவான் செண்டிரி கெனா சாக்காப்." ஐயா தாமேதான் பேச வேண்டுமாம்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு விஷயம் முழுதாகத் தெரியாது. பட்டுக்கோட்டையிலிருந்து என் நாத்தனார் முறை உறவெல்லாம் கூப்பிட்டு, "வெளிநாட்டு ஆஸ்பத்திரி, சரியாக்கிடுவாங்க" என்று ஆறுதல் சொல்கிறார்கள். அதனால் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு லோரிக் கம்பெனியில் குமாஸ்தா. அது திங்கள் முதல் வெள்ளி வரை. சனி, ஞாயிறு என்றால் அவர் எம்.சி. மணியம். கல்யாண விருந்து, வரவேற்பு, அறுபதாம் கல்யாணம், எதுவென்றாலும் மேடையில் மைக் பிடித்து நடத்திக்கொடுப்பவர். கிள்ளான், மேரு, செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் என்று அவர் கால் படாத மண்டபம் இல்லை. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார். மேடையில் ஏறினால் ஐந்நூறு பேரைச் சாப்பாட்டை மறக்க வைப்பார். மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயரைச் சொல்லும்போது அந்த மாமனுக்கே தான் பெரிய ஆள் என்று தோன்றும், அப்படிச் சொல்வார்.

ஏழு மாதத்துக்கு முன் குளித்துவிட்டு வந்து சட்டை போடும்போது விழுந்தார். பிழைத்தார். வலது கையும் காலும் சரியாக வரவில்லை. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது. அவர் சொல்ல நினைப்பது வாய்வரை வந்து நின்றுவிடுகிறது. வருவது ஒரே ஒரு சொல். "அது." தண்ணீர் வேண்டுமென்றாலும் "அது", மின்விசிறி வேண்டாமென்றாலும் "அது", என்னைக் கூப்பிடுவதும் "அது".

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் நூருல் நல்ல பிள்ளை. ஆனால் அவளிடம் இருக்கும் படம் போட்ட அட்டைகள் எல்லாம் மலாய், ஆங்கிலம். பூனையைக் காட்டி "குச்சிங்" சொல்லச் சொன்னாள். என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும். தமிழில் ஒன்றும் இல்லையே என்று அவளே வெட்கப்பட்டு, பிறகு ஒரு யோசனை சொன்னாள். ஒருவர் ஆயிரம் தடவை சொன்ன பேச்சு, அதாவது எண்ணுவது, பிரார்த்தனை, தொழிலில் தினமும் சொல்லும் வாசகம் போன்றவை, சிலருக்குத் தானாகவே வாயில் வந்துவிடுமாம். அவர் மேடையில் பேசிய பதிவுகளை வீட்டில் போடுங்கள், அவர் குரலோடு அவரையே சேர்ந்து சொல்ல விடுங்கள் என்றாள். அதுவும் சீக்கிரம் தொடங்க வேண்டுமாம். நாள் போகப் போகக் கடினமாம்.

இதற்காகத்தான் தலைப்பில் சொன்ன அந்தப் பெட்டி. அவர் குரலைச் சேர்த்துவைக்க ஒன்று வேண்டும். அவர் உட்காரும் இடத்தில், அவர் இடது கையால் அமுக்கினால் ஓட வேண்டும்.

3

என் மகன் தினேஷ் மெல்பர்னில் இருக்கிறான். அப்பா விழுந்தபோது வந்தான், ஐந்து நாள் இருந்தான், போய்விட்டான். வேலை. நான் குறை சொல்லவில்லை. சரி, சொல்கிறேன். குறைதான்.

நூருல் சொன்னதை அவனிடம் சொன்னேன். மூன்றாம் நாள் வாசலில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி வந்து இறங்கியது. உள்ளே செங்கல் போல கனமாக ஒரு கருவி. அதற்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று பழுதானால் மற்றொன்றில் எல்லாம் பத்திரமாக இருக்குமாம். உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாமாம். வீடியோ அழைப்பில் வந்து விளக்கினான். "மா, இது சிம்பிள்தான் மா. ஆப் போடுங்க, அக்கவுண்ட் ஓபன் பண்ணுங்க, டிவியில லாகின் பண்ணுங்க."

அவன் சொன்ன வரிசைப்படி நான் செய்தேன். கணக்குத் திறக்க மின்னஞ்சல் கேட்டது. மின்னஞ்சலுக்கு எண் அனுப்பியது. எண்ணைப் போடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றது. டிவியில் இருக்கும் ஆப் பழையதாம், புதுப்பிக்க இணைய வேகம் போதாதாம். அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமைப் போனுக்குப் போய் நின்றேன்.

கடைசியில் ஒரு நாள் எப்படியோ படம் வந்தது. கட்டம் கட்டமாகத் திரை முழுக்க எழுத்து. ரிமோட்டை அவர் இடது கையில் கொடுத்தேன். திரையைப் பார்த்தார், ரிமோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு எழுத்தும் போய்விட்டது என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. தினமும் காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, படிக்கிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

தினேஷிடம் சொன்னேன். உங்களுக்கு வைக்கத் தெரியவில்லை, மெனுவை மாற்றலாம், டீம்வியூவரில் இங்கிருந்தே உள்ளே வந்து சரி செய்கிறேன் என்றான். அப்பாவுக்கு எழுத்து போய்விட்டதடா என்றேன். "ஓகே மா, மீட்டிங் இருக்கு" என்றான். அழத்தான் போனான் என்று ஒரு மனம் சொல்கிறது. அழுவதற்கு ஏன் மெல்பர்ன் போக வேண்டும் என்று இன்னொரு மனம் கேட்கிறது.

4

இணைய லைன் கதையை முடித்துவிடுகிறேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்.

ஐயா பேச முடியாவிட்டால் அதிகாரக் கடிதம் கொடுக்கலாம் என்றார்கள். கையெழுத்து வேண்டும். வலது கை வராது, கட்டைவிரல் ரேகை வைக்கலாமா என்றேன். வைக்கலாம், ஆனால் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் வைக்க வேண்டும். சரி என்று சக்கர நாற்காலியோடு அவரைக் காரில் ஏற்றி இறக்கி, கிள்ளானில் ஒரு மாடிப்படியின் கீழே இருந்த அந்த அலுவலகத்துக்குப் போனேன். உள்ளே இருந்தவர் நம் ஆள்தான், தமிழர். முதலில் என் அடையாள அட்டையைப் பார்த்தார். சிவப்பு அட்டை, நிரந்தரவாசி. "ஊர்க்காரவங்களா?" என்றார். இந்த நாட்டில் ஊர் என்றால் தமிழ்நாடு. இருபத்தெட்டு வருடமாக நான் ஊர்க்காரிதான்.

பிறகு அவர் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்து, "புரிஞ்சி சம்மதிச்சிதான் வைக்கிறீங்கன்னு வாயால சொல்லுங்கண்ணே" என்றார்.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடையில் மைக் முன்னால் நிற்பது மாதிரி தொண்டையைச் செருமினார். "அது" என்றார். "அது. அது." நெற்றியில் வேர்த்துவிட்டது. நான் கடிதத்தைப் பிடுங்கி நான்காகக் கிழித்து அங்கேயே குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அந்த ஆணையர் மேல் தப்பு இல்லை என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல இன்னும் கோபம் வந்தது.

மகன் அனுப்பிய செங்கலை அட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைத்து அலமாரிக்கு மேலே ஏற்றினேன்.

5

பட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டில் ஒரு டேப்ரிக்கார்டர் இருந்தது. அண்ணன் மட்டும்தான் தொடலாம். நானும் தங்கையும் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் அவன் வெளியிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். நான் ஒருமுறை தொட்டு, நாடா உள்ளே சிக்கிக்கொண்டது. பொம்பளைப் பிள்ளைக்கு மெஷின் எதற்கு என்று அப்பா என் காதைத் திருகினார். நாடா சிக்கியது பழைய நாடா என்பதால்தான் என்று இப்போது தெரியும். அப்போது நான் நம்பிவிட்டேன். கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் டிவி, வீடியோ, கம்ப்யூட்டர், எல்லாம் அவர் பார்த்துக்கொண்டார், பிறகு மகன் பார்த்துக்கொண்டான். நான் துணி துவைக்கும் மெஷினோடு நின்றுவிட்டேன். அதை மட்டும் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை பாருங்கள்.

ஐம்பத்து நான்கு வயதில் நானே போய்ப் பார்த்து வாங்குவது என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டு அக்காவை அவரோடு உட்கார வைத்துவிட்டு, கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனேன்.

6

முதல் கடையில், வீட்டில் உள்ள வீடியோவைச் சேர்த்துவைத்து டிவியில் போட ஒரு பெட்டி வேண்டும் என்றேன். கடைக்காரர் கையளவு கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "ஆன்டி, இதுல எல்லாப் படமும் வரும், எல்லா சேனலும் வரும். நேத்து ரிலீஸ் ஆன படம் இன்னைக்கு வரும்."

எனக்குப் படம் வேண்டாம், என் வீட்டு வீடியோ ஓட வேண்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. நாடகமும் வரும் என்றார். நாடகமும் வேண்டாம் என்றேன். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் வேறு, ஆன்டிக்குப் பக்திப் பாட்டு வேணும்போல என்று எடுத்துக்கொடுத்தார். அடுத்த கடையில் ஒருவர் பெட்டி எதற்கு, எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றுங்கள் என்றார். ஏற்றினால் யார் பெயரில், எண் யார் போனுக்கு வரும், மறந்துபோனால் யார் பேசி மீட்க வேண்டும் என்று கேட்டேன். அனுபவம் பேசுகிறது தம்பி என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

நான்காவது கடை சந்துக்குள் இருந்தது. பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் எல்லாம் அடுக்கிய கடை. அங்கிருந்த பெரியவரிடம் முழுக் கதையும் சொன்னேன். எழுத்துப் படிக்கத் தெரியாதவர், இடது கையால் அமுக்க வேண்டும், இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம், அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து ஓட வேண்டும். அவர் உள்ளே போய் தூசி தட்டி ஒன்றை எடுத்துவந்தார். ஒரு சின்ன பிளேயர். பின்னால் ஹார்ட் டிஸ்கைச் செருகலாம், டிவிக்கு ஒரு வயர். இதெல்லாம் இப்போது யாரும் வாங்குவதில்லை, கடைசிப் பீஸ் என்றார். ரிமோட்டில் பட்டன் நிறைய இருந்தது. ஐந்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிக் கொடுத்தார். ஓடு, நிறுத்து, அடுத்தது, முந்தியது, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் போடு.

அந்த மனிதரின் காலில் விழலாம் போல இருந்தது. பாதுகாப்புக்கு இரண்டு டிஸ்க் வாங்கி இரண்டிலும் ஒரே சரக்கைப் போட்டு ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள் என்றும் சொன்னார். மகனின் செங்கல் செய்கிற வேலை அவ்வளவுதானாம்.

7

பெட்டி வந்துவிட்டது. இனி குரல் வேண்டும்.

அவர் நடத்திய கல்யாணங்களின் வீடியோ எங்களிடம் எப்படி இருக்கும்? அதெல்லாம் கல்யாண வீட்டார் சொத்து. அவருடைய பழைய டைரியை எடுத்துவைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். நல்லவர்கள். "நம்ம எம்.சி. மணியமா, இப்படி ஆயிடுச்சா" என்று கலங்கினார்கள். ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். சிலர் டிவிடியை அலமாரிக்குள்ளிருந்து தேடி எடுத்துத் தந்தார்கள். ஒரு ஜோடி பிரிந்துவிட்டார்கள், இருந்தும் அந்தப் பெண் தன் கல்யாண வீடியோவைத் தந்தாள். திருப்பித் தர வேண்டாம் ஆன்டி என்றாள். மூன்று வாரத்தில் நாற்பத்தொரு கல்யாணம் சேர்ந்தது. எல்லாவற்றையும் நானே டிஸ்கில் ஏற்றினேன். நானே. அப்பா இருந்தால் காட்டியிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை அவருக்கு முகச்சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, டிவி முன்னால் உட்கார வைத்தேன். முதல் கல்யாணம், செந்தூலில் நடந்தது. மண்டபம் வந்தது, வாழை மரம் வந்தது, மேடை வந்தது. என் வீட்டுக்காரர் சாம்பல் நிறக் கோட்டில் மைக் பிடித்து நிற்கிறார். வாய் அசைகிறது.

சினிமாப் பாட்டு ஓடுகிறது.

அடுத்ததைப் போட்டேன். மேரு. வாய் அசைகிறது, பாட்டு. அதற்கடுத்தது, பாட்டு. கூட்டம் சிரிக்கிறது, அவர் ஏதோ சொல்லியிருக்கிறார், பாட்டு. மாப்பிள்ளையின் அப்பா கண்ணைத் துடைக்கிறார், அவர் ஏதோ சொல்லித்தான் துடைக்கிறார், அங்கேயும் பாட்டு. நாற்பத்தொரு கல்யாணத்திலும் அந்த மனிதர் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், ஒரு சத்தம் இல்லை.

நம் ஜனங்களுக்கு இது என்ன பழக்கம்? அங்கே ஊரிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். தாலி கட்டும்போது ஐயர் என்ன சொன்னார், மாமன் என்ன வாழ்த்தினார், அம்மா எப்படி அழுதாள், ஒன்றும் வேண்டாம். எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு மேலே ஒரு டூயட். எத்தனை வீட்டில் செத்துப்போனவர்கள் வாயசைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யாராவது யோசித்ததுண்டா?

8

கிள்ளானில் பாதிக் கல்யாணத்தை எடுத்தவர் செல்வா. அவருடைய ஸ்டூடியோவுக்குப் போய் நின்றேன். பாட்டுப் போடாத அசல் பதிவு வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் வீடியோ கொடுத்ததும் அழிச்சிடுவோம்க்கா. அந்தக் கார்டுலதான் அடுத்த கல்யாணம் எடுக்கணும்" என்றார். என் முகத்தைப் பார்த்துப் பயந்தாரோ என்னவோ, மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "எம்.சி. பேசறத யாரு அக்கா உக்காந்து கேப்பாங்க? பாட்டுதான் கேப்பாங்க. உங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு நீங்களேதான் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தீங்க."

கொடுத்தேன். பதினோரு பாட்டு, என் கையெழுத்தில். மூன்று வருடத்துக்கு முன்னால், எங்கள் வெள்ளி விழா விருந்தில். அன்றைக்கு அவர் தன் விருந்துக்குத் தானே எம்.சி. என்று மைக் பிடித்து, என்னைப் பற்றி ஏதோ நிறையப் பேசினார். நான் வந்தவர்களுக்குச் சாப்பாடு போதுமா என்று சமையல்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீடியோவில் அவர் பேசுகிறார், மேலே ஐந்தாவது பாட்டு ஓடுகிறது, அது நான் எழுதிக் கொடுத்தது.

செல்வாவைத் திட்ட வேண்டும் என்று வாயில் வைத்திருந்த அத்தனையும் எனக்கே திரும்பிவிட்டது. தன் வினை தன்னைச் சுடும். காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் அடித்து அழுதேன்.

9

விருந்தாளிகள் போனில் எடுத்த துண்டுகள் இரண்டு மூன்று வாட்ஸ்அப்பில் வந்தன. மேளமும் கூச்சலும் மேலே, அவர் குரல் எங்கோ அடியில். அதுவும் உதவவில்லை. மறுபடியும் நாற்பத்தொன்றையும் ஒவ்வொரு நொடியாகப் பார்த்தேன். முப்பத்தாறாவது கல்யாணத்தில் எடிட் செய்தவர் தூங்கிவிட்டிருக்க வேண்டும். பாட்டு மூன்று நொடி தாமதமாகத் தொடங்குகிறது. அந்த இடைவெளியில் அவர் குரல் இருந்தது.

"வணக்கம். வந்திருக்கும் அனை..." அவ்வளவுதான். உடனே தவில்.

அந்த மூன்று நொடியைத் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தேன். எவ்வளவு முயன்றும் சரியாக வெட்ட எனக்கு வரவில்லை, பாட்டின் முதல் அடியும் ஒட்டிக்கொண்டே வந்தது. முதல் நாள் அவர் சிரித்தார். இரண்டாம் நாள் கண் கலங்கினார். "கூடச் சேர்ந்து சொல்லுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து நானும் வாயசைத்தேன். "அது" என்றார். நான்காம் நாளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டு அக்கா, பாவம் அவரை ஏன் இப்படி வதைக்கிறாய் என்று கேட்டார். தினேஷ் நூருலிடம் கேட்டீர்களா என்றான். கேட்டேன், கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் போடுங்கள் என்றாள். நான் கேட்டுக்கொண்டேன், செய்யவில்லை.

நேற்றுப் பதினோராம் நாள். பிளேயரை ஓடவிட்டுவிட்டுச் சமையலறையில் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வணக்கம், வந்திருக்கும் அனை, தவில். வணக்கம், வந்திருக்கும் அனை, தவில்.

"போதும்லா."

டிவியிலிருந்து வந்த குரல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மேடையில் அவர் ஒருநாளும் இங்கத்து 'லா' போட்டுப் பேச மாட்டார் என்பது உறைத்தது. கத்தியோடு கூடத்துக்கு ஓடினேன். முகம் சிவந்து, இடது கையால் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"போதும். காது... வலிக்குது."

கத்தியைக் கீழே வைத்தேன். ஏழு மாதமாக யார் யாரிடமோ பட வேண்டிய கோபம் அத்தனையும் அப்போது அவர் மேல்தான் வந்தது, ஏன் என்று தெரியவில்லை. "வணக்கம்னு ஒரு தடவ சொல்லுங்க. நிறுத்துறேன்" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். நாக்கு தேடியது. நெற்றியில் நரம்பு புடைத்தது.

"சொல்ல மாட்டேன்" என்றார்.

நான் ரிமோட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.